அலகைத் தொலைத்த எண்கள்

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் பாய்மரப் படகுப் பந்தயங்களில் 470 என்றொரு வகுப்பு இருந்தது. லேசர் 4.7 என்று இன்னொரு வகுப்பும் இருந்தது. தள்ளி நின்று பார்ப்பவருக்கு ஒன்று மற்றொன்றின் சுருக்கம் என்றுதான் தோன்றும். 470 இருவர் ஓட்டும் படகு. அதன் உடல் 4.70 மீட்டர், அதாவது 470 சென்டிமீட்டர் நீளம். லேசர் ஒருவர் ஓட்டுவது. அதன் உடல் 4.23 மீட்டர்தான். பெயரில் இருக்கும் 4.7 நீளமே அல்ல; பாயின் பரப்பு, சதுர மீட்டரில். இந்தியாவின் ஹர்ஷிதா தோமர் அந்தப் போட்டியில் வெண்கலம் வாங்கியது இந்தப் பாய்க்கணக்குப் படகில்.

இதே எண்ணைச் சுமக்கும் மூன்றாவது பொருள் ஒன்று உண்டு, தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்பது யானை, காட்டெருமை போன்ற பெரிய விலங்குகளுக்காக இங்கிலாந்தில் உருவான இரட்டைக்குழல் துப்பாக்கித் தோட்டா. லண்டனில் ஜோசப் லாங் நிறுவனம் கொண்டுவந்தது. 500 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 32 கிராம் எடையுள்ள குண்டு. அதன் விட்டத்தை அளந்தால் 0.470 அங்குலம் வராது, 0.475ஐ ஒட்டித்தான் வரும். ஆக ஒரே எண் ஓரிடத்தில் நீளம், ஓரிடத்தில் பரப்பு, மூன்றாமிடத்தில் தான் சொல்கிற அளவாகக்கூட இல்லை.

கப்பல், தோட்டா, விளையாட்டுச் சாமான் மூன்றும் இப்படி ஒரே எண்ணில் வந்து முட்டிக்கொள்வது அபூர்வமல்ல. கலைக்களஞ்சியத்தில் ஏதாவது ஓர் எண்ணைத் தேடினால் படகும் துப்பாக்கியும் நீர்மூழ்கியும் அடுத்தடுத்து வரிசைகட்டி நிற்கும். அதில் மர்மம் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்; எண்கணிதக்காரர்களுக்கு அது நல்ல தீனி. எனக்கு மர்மம் எதுவும் தெரியவில்லை. மூன்று இலக்க எண்கள் மொத்தமே 900. உலகம் முழுக்க ஆயுதம் செய்பவர், படகு வடிவமைப்பவர், கப்பலுக்கு எண் குறிப்பவர் எல்லோரும் அந்த 900க்குள்தான் கைவிட்டு எடுக்கிறார்கள். முட்டாமல் இருந்தால்தான் அதிசயம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த எண் எதை எண்ணுகிறது? அதைச் சொல்ல வேண்டிய அலகு எங்கே போயிற்று?

படகுகளில் இருந்தே தொடங்கலாம், அங்கேதான் கணக்கு கொஞ்சமாவது நேர்மையாக இருக்கிறது. 1959ல் பிரெஞ்சுக்காரர் கிறிஸ்தியான் மோரி வடிவமைத்த 420ன் நீளம் 4.20 மீட்டர். 1963ல் ஆந்த்ரே கொர்னு வடிவமைத்த 470 அதே முறையைப் பின்பற்றியது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து அது ஒலிம்பிக் படகு. பாரிஸ் 2024ல் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓட்டும் கலப்புப் பிரிவாயிற்று. ஆங்கிலேயர் ஜான் வெஸ்டெலின் 505ம் சென்டிமீட்டர்க் கணக்குதான். பிரான்சில் சாதாரணமாக எடுத்துக்கொள்ளப்பட்ட 420 என்ற பெயர் நம் ஊரில் எப்படி ஒலிக்கும் என்பதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஏமாற்றுதலைத் தண்டிக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு தமிழ் சினிமா வசனத்துக்குள் குடியேறி எத்தனையோ காலமாகிவிட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தக் குற்றம் 318ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. ஆனாலும் யாரும் யாரையும் 318 என்று திட்டுவதாகக் காணோம்.

இந்த ஒழுங்கு அடுத்த தலைமுறையில் குலைகிறது. ஆஸ்திரேலியர் ஜூலியன் பெத்வெய்ட்டின் 49இஆர் படகுக்கு அதன் 4.99 மீட்டர் நீளத்தால் பெயர் வந்தது. 2000 சிட்னி முதல் அது ஒலிம்பிக்கில் இருக்கிறது. சென்னையின் கே.சி. கணபதியும் வருண் தக்கரும் 2018 ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கியதும் பிறகு டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனதும் இந்தப் படகில்தான். அதே வடிவமைப்பாளர் இளையோருக்காக இதன் தம்பிபோல ஒன்றைச் செய்து 29இஆர் என்று பெயரிட்டார். நீளம் 2.9 மீட்டராக இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம், சுமார் 4.4 மீட்டர். இங்கே எண் அளவையே விட்டுவிட்டது, அண்ணனோடு உள்ள உறவை மட்டும் சொல்கிறது.

லேசருக்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கை. பெயருரிமைத் தகராறில் அந்தப் பெயரே போய், படகுக்கு இப்போது ஐ.எல்.சி.ஏ. என்ற எழுத்துகள்தான். 7.06 சதுர மீட்டர் பாயுள்ளது ஐ.எல்.சி.ஏ. 7, 5.76 பாயுள்ளது 6, 4.7 பாயுள்ளது 4. அரைகுறையாக முழு எண்ணாக்கியதில் 5.76 மேலே போயிருக்கிறது, 4.7 கீழே இறங்கியிருக்கிறது. வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன் ஓட்டுவது 7; சென்னை நேத்ரா குமணன் ஓட்டுவது 6. அவர்களுடைய படகுகளின் உடல் இரண்டும் ஒன்றேதான். மாறுவது கம்பமும் பாயும்.

பாய்மரப் படகுகளில் எண் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு 12 மீட்டர் படகை விஞ்சிய உதாரணம் இல்லை. 1958 முதல் 1987 வரை அமெரிக்கா கோப்பைக்கான போட்டி இந்த வகுப்பில் நடந்தது. 1983ல் ஆஸ்திரேலியா 2 என்ற படகு, பென் லெக்சென் வடிவமைத்த சிறகு வைத்த அடிக்கட்டையோடு வந்து, 132 ஆண்டுகள் நியூயார்க் யாட் கிளப்பின் பிடியில் இருந்த கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனதே, அது 12 மீட்டர் படகு. அதை நாடா வைத்து அளந்தால் சுமார் 20 மீட்டர் வரும். இந்த வகுப்பின் படகுகளில் எந்த இடத்தை அளந்தாலும் 12 கிடைக்காது. அது ஒரு சூத்திரத்தின் விடை. குறித்த ஒரு நீளம், உடலின் சுற்றளவுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைப்போல் இரு மடங்கு, பாய்ப்பரப்பின் வர்க்கமூலம் இம்மூன்றையும் கூட்டி, நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் பக்கவாட்டு உயரத்தைக் கழித்து, 2.37ஆல் வகுத்தால் வரும் தொகை 12 மீட்டரைத் தாண்டக் கூடாது. நீளத்தைக் கூட்ட விரும்பினால் பாயைக் குறைக்க வேண்டும். பாய் பெரிதாக வேண்டுமென்றால் நீளத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும். வடிவமைப்பாளர்களின் மூளைச்சண்டை முழுவதும் அந்தக் கூட்டல் கழித்தலுக்குள் நடந்தது. அலகு இருக்கிறது, மீட்டர் என்று வாய்விட்டே சொல்கிறது, ஆனாலும் அது படகின் எந்த அளவும் அல்ல.

துப்பாக்கி உலகத்தில் 12 வேறொரு கதை. நம் கிராமப்புறங்களில் தோட்டக்காரர்களும் மிராசுகளும் உரிமம் வாங்கி வைத்திருந்த 12 போர் துப்பாக்கியின் 12 அங்குலமும் அல்ல, மில்லிமீட்டரும் அல்ல. ஒரு பவுண்டு ஈயத்தை உருக்கிச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டை சரியாக அடங்கும் குழல் 12 போர். ஓர் உருண்டை சுமார் 38 கிராம், குழலின் விட்டம் 18.5 மில்லிமீட்டர். ஒரு பவுண்டை 20 உருண்டையாக்கினால் ஒவ்வொன்றும் சிறிதாகும். அதனால் 20 போர் 12ஐவிட ஒடுங்கியது, 15.6 மில்லிமீட்டர். எண் ஏற ஏற குழல் இறங்கும். இதே கடையில் .410 என்றொரு சிறு துப்பாக்கியும் தொங்கும். அது மட்டும் போர்க் கணக்கில் சேராது; அங்குலத்தில் நேரடி அளவு. அதைப் பழைய ஈயக் கணக்குக்கு மாற்றினால் 67 போர் என்று வரும். ஒரே கம்பெனி, ஒரே அலமாரி, இரண்டு அளவைமுறை.

புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் போன்ற, துப்பாக்கிசுடும் போட்டியின் டிராப் பிரிவு வீரர்கள் கையாளும் தோட்டாப் பெட்டியை ஒருமுறை உற்றுப் பார்த்தால் இந்தக் குழப்பம் முழுவதும் ஓர் அட்டையில் அச்சாகியிருப்பது தெரியும். 12, 70, 24, 7½ என்று நான்கு எண்கள். 12 ஈய உருண்டைக் கணக்கு. 70 என்பது தோட்டாக்கூட்டின் நீளம், மில்லிமீட்டரில். 24 உள்ளே இருக்கும் ரவையின் எடை, கிராமில். ஒலிம்பிக் விதிப்படி அதற்கு மேல் போகக் கூடாது. 7½ ரவையின் பருமன், ஆனால் தலைகீழாக. அமெரிக்க முறையில் 17லிருந்து அந்த எண்ணைக் கழித்தால் ரவையின் விட்டம் அங்குலத்தின் நூறில் ஒரு பங்குகளில் கிடைக்கும். 17லிருந்து 7½ போனால் 9½, அதாவது 0.095 அங்குலம், 2.4 மில்லிமீட்டர். பவுண்டு, மில்லிமீட்டர், கிராம், கழித்தல் கணக்கு. நான்குக்கும் அலகு எழுதாமலே பந்தயம் நடக்கிறது, எல்லோருக்கும் தெரியும் என்ற நம்பிக்கையில்.

எல்லோருக்கும் தெரியாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 20 போர் தோட்டா 12 போர் துப்பாக்கியில் சேராமல் வெளியே நின்றுவிட்டால் பிழைத்தோம். அது நிற்பதில்லை. தோட்டா அறைக்குள் வழுக்கிப் போய், குழல் ஒடுங்கும் இடத்தில் அதன் விளிம்பு மாட்டிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். போட மறந்துவிட்டோம் என்று நினைத்து ஒரு 12 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் இரண்டும் ஒன்றையடுத்து ஒன்று வெடிக்கும். குழல் கிழிந்து கையோடு போய்விடும். இதைத் தடுக்க 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதை வழக்கமாக்கினார்கள். எண்ணை நம்ப முடியாதபோது நிறத்தை நம்ப வேண்டியதாயிற்று. நிறம் ஒன்றுதான் பதற்றத்திலும் எழுத்துகளைவிட முன்னால் கண்ணில் படும்.

ரைஃபிள் தோட்டாக்களின் பெயர்களில் கணக்கைவிட வியாபாரமும் அரசியலும் அதிகம். .470க்கு வந்த மவுசுக்குக் காரணமே இந்தியா. அதற்கு முன் பெரிய வேட்டைக்கு .450 விட்டம் கொண்ட ரைஃபிள்களே பரவலாக இருந்தன. பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கியும் .450 குழல், கிளர்ச்சிக்காரர்கள் கையில் அவை ஏராளமாக இருந்தன. வேட்டைக்கென்று வரும் குண்டுகள் அவர்கள் கைக்குப் போய்விடும் என்ற பயத்தில் 1907ல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவுக்கும் சூடானுக்கும் .450 துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் அனுப்பத் தடை போட்டது. லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? .450ஐக் கொஞ்சம் தாண்டிய எண்கள் மளமளவென்று வந்தன: .465, .470, .475, .476. சமஸ்தானத்து மன்னர்களும் தோட்டத்துரைகளும் வாங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் நிலைத்தது .470. சட்டத்தின் வாசகம் .450 என்ற எண்ணைத் தடுத்தது. எண்ணை மாற்றிக் கடந்துபோனார்கள். எண் பெயராகிவிட்டால் அதைத் தடுப்பதும் எளிது, தாண்டுவதும் எளிது.

சுதந்திர இந்தியாவிலும் இந்த ஆட்டம் தொடர்கிறது. .303 ரைஃபிளின் தோட்டா ராணுவ, போலீஸ் வகை என்பதால் தனியாருக்குத் தடை. அதனால் நம் ஆயுதத் தொழிற்சாலைகள் உரிமம் பெற்ற குடிமக்களுக்காக .315 ரைஃபிளைச் செய்கின்றன. 8 மில்லிமீட்டரை அங்குலமாக்கினால் 0.315. அதாவது கொஞ்சம் பெரியது அனுமதிக்கப்பட்டது, கொஞ்சம் சிறியது தடைசெய்யப்பட்டது! .303 என்ற எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. குழலின் உட்புறத்தில் திருகலாகப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். பள்ளங்களுக்கு இடையே நிற்கும் மேடுகளிலிருந்து மேடு வரை அளந்தால் 0.303 அங்குலம். குண்டு பள்ளத்தையும் நிறைக்க வேண்டும், எனவே அதன் விட்டம் 0.311. .470ம் .475ம் மாறுபடுவதில் உள்ள புதிர் பாதி இங்கே அவிழ்ந்துவிடும். யார் எந்த இடத்தில் அளவுகோலை வைத்தார்கள் என்பதே கேள்வி.

.38 ஸ்பெஷல் இன்னொரு ரகம். அதன் குண்டு 0.357 அங்குலம். 0.38 எங்கே போயிற்று? பழங்கால ரிவால்வர்களில் குண்டும் தோட்டாக்கூடும் ஒரே பருமனாக இருந்தன. பிறகு குண்டைக் கூட்டுக்குள் செருகினார்கள், குண்டு இளைத்தது. பெயரை மாற்ற யாருக்கும் மனமில்லை. 1935ல் அதைவிட வேகமான தோட்டா வந்தபோது அதற்கு உண்மையான அளவையே பெயராக வைத்தார்கள்: .357 மேக்னம். ஆக .38ம் .357ம் ஒரே விட்டம். பழைய ரிவால்வரில் புதிய தோட்டாவைப் போட்டுவிடக் கூடாதே என்று .357ன் கூட்டை எட்டில் ஓர் அங்குலம் நீட்டினார்கள். இரண்டு எண் ஒரு விட்டமாவதற்கு ஜிம் கார்பெட் புகழ்பெறச் செய்த .275 ரிக்பியையும் சொல்லலாம். அது ஜெர்மனியின் 7×57 மௌசர் தோட்டாவேதான். 7 மில்லிமீட்டரை அங்குலமாக்கி, லண்டன் கம்பெனி தன் பெயரைச் சேர்த்துக்கொண்டது.

ஒரே எண்ணாகத் தெரிவதெல்லாம் தற்செயல் என்றும் அடித்துச் சொல்லிவிட முடியாது. 7.62 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவின் பழைய மோசின் ரைஃபிள், கலாஷ்னிக்கோவ், நேட்டோ தோட்டாவைச் சுட்ட நம் ராணுவத்தின் எஸ்.எல்.ஆர். மூன்றுக்கும் 7.62. மூன்று தோட்டாக்களும் ஒன்றில் ஒன்று சேராது. 54, 39, 51 என்று கூட்டின் நீளம் வெவ்வேறு. ஆனாலும் எண் ஒன்றாக இருப்பதற்கு ஒரே காரணம் உண்டு. 0.3 அங்குலத்தை 25.4ஆல் பெருக்கினால் 7.62. ரஷ்யாவின் பழைய அளவைமுறையில் அங்குலத்தின் பத்தில் ஒன்று ஒரு லைன்; மோசின் ரைஃபிளை அவர்கள் மூன்று லைன் துப்பாக்கி என்றே அழைத்தார்கள். அமெரிக்காவின் .30ம் ரஷ்யாவின் மூன்று லைனும் மீட்டர்முறைக்குள் வந்தபோது ஒரே எண்ணாகி நின்றன. மீட்டர்முறை அங்குலத்தை ஒழித்தது என்கிறோம். ஒழிக்கவில்லை, தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒளித்துவைத்தது.

உண்மையிலேயே அளவு ஒன்றாக இருந்தும் உறவே இல்லாத ஜோடிகளும் உண்டு. 2000 அக்டோபரில் டேபிள் டென்னிஸ் பந்தின் விட்டத்தை 38லிருந்து 40 மில்லிமீட்டராக்கினார்கள். ஆட்டம் கொஞ்சம் மெதுவாகட்டும், பார்ப்பவர்களுக்குப் பந்து தெரியட்டும் என்பது நோக்கம். கப்பல்களிலும் விமான எதிர்ப்புப் படைகளிலும் பல பத்தாண்டுகள் ஓடிய ஸ்வீடனின் போஃபர்ஸ் துப்பாக்கியின் குண்டும் 40 மில்லிமீட்டர்தான். பந்து 2.7 கிராம், குண்டு சுமார் 900 கிராம். போஃபர்ஸ் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 155 மில்லிமீட்டர் பீரங்கியும் அதைச் சுற்றிய ஊழல் விவகாரமும் என்பதால், அந்த 40 மில்லிமீட்டர் துப்பாக்கி இந்தியாவில் கொஞ்சம் மறைந்தே போயிற்று. 2014ல் செல்லுலாய்டை விட்டுப் பிளாஸ்டிக் பந்துக்கு மாறியபோது பந்தின் மேல் 40+ என்று அச்சிட்டார்கள். பிளாஸ்டிக் பந்து 40க்கும் ஒரு துளி பெரியது. பழைய 40 என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள் என்று அந்தக் கூட்டல் குறி எச்சரிக்கிறது. எண் வைப்பவர்கள் தாங்களாகவே ஒரு குறியைச் சேர்த்துக் குழப்பத்தை முன்கூட்டி ஒப்புக்கொண்ட சில இடங்களில் இது ஒன்று.

மிதிவண்டிக்காரர்கள் அவ்வளவு நேர்மையானவர்கள் இல்லை. மேலே சொன்ன 29இஆர் படகுக்கு மலைச் சைக்கிளில் ஒரு பெயர்க்காரன் இருக்கிறான்: 29 அங்குலச் சக்கரம் போட்ட வண்டியையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அதன் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 622 மில்லிமீட்டர். பந்தயச் சைக்கிளின் 700சி சக்கரத்துக்கும் அதே 622. ஐரோப்பாவில் இதே ரிம்மை 28 என்றும் விற்பார்கள். நம் தாத்தா காலத்துக் கம்பி பிரேக் போட்ட கறுப்புச் சைக்கிளும் 28 அங்குலம்தான். ஆனால் அதன் ரிம் 635. அதாவது பழைய 28ன் ரிம் புதிய 29ன் ரிம்மைவிட 13 மில்லிமீட்டர் பெரியது! டயரின் தடிமனைச் சேர்த்து வெளிவிட்டத்தைச் சொன்ன காலத்தில் வந்த எண்கள் இவை. டயர் மெலிந்தும் தடித்தும் மாறியபோது எண் அப்படியே நின்றுவிட்டது.

26 இன்னும் மோசம். 26×1.75 என்று எழுதிய டயரின் ரிம் 559 மில்லிமீட்டர். 26×1¾ என்று பின்னத்தில் எழுதியது 571. பள்ளிக் கணக்கில் இரண்டும் ஒன்று. சைக்கிள் கடையில் ஒன்றை வாங்கி மற்றொன்றில் மாட்ட முடியாது. பெண்கள் சைக்கிளில் வரும் 26×1⅜ மூன்றாவது அளவு, 590. தசமத்தில் எழுதியதா பின்னத்தில் எழுதியதா என்பதை வைத்துப் பொருளை அடையாளம் காண வேண்டியிருக்கும் ஒரே துறை இதுவாகத்தான் இருக்கும். இதற்குத் தீர்வாகச் சர்வதேசத் தர நிர்ணயம் ரிம்மின் விட்டத்தை மில்லிமீட்டரில் டயரின் பக்கவாட்டில் பொறிக்கச் சொல்கிறது, 47-559 என்பதுபோல. டயரைத் திருப்பிப் பார்த்தால் சின்ன எழுத்தில் இருக்கும். வாங்குகிறவர்கள் பெரிய எழுத்தையே படிக்கிறார்கள்.

கப்பல் எண்களுக்கு அளவோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவை வெறும் வரிசைப் பதிவுகள், ஆனால் ஒவ்வொரு பதிவேடும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. 1920 ஜூலையில் அமெரிக்கக் கடற்படை ஒவ்வொரு கப்பல் வகைக்கும் தனித்தனி எழுத்தும் தனித்தனி வரிசையும் வகுத்தது. அதன் விளைவாக 61 முதல் 64 வரை நான்கு எண்களைப் போர்க்கப்பல்களும் விமானந்தாங்கிகளும் ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொண்டன. அயோவா 61, ரேஞ்சரும் 61. நியூஜெர்சியும் இண்டிபெண்டன்ஸும் 62. ஜப்பான் சரணடைந்த ஒப்பந்தம் கையெழுத்தான மிசூரியும் வியட்நாம் போரில் விமானங்களை அனுப்பிய கிட்டி ஹாக்கும் 63. விஸ்கான்சினும் கான்ஸ்டலேஷனும் 64. முகப்பில் பெரிதாக எண்ணை மட்டும் வரைந்திருப்பார்கள். வகையைக் குறிக்கும் எழுத்து அங்கே இருக்காது.

சில சமயம் வரிசையையே வளைத்து எண்ணைப் பிடித்துவருவார்கள். பனிப்போரின் இறுதியில் அமெரிக்கா கட்டிய அணுசக்தி நீர்மூழ்கி சீவுல்ஃபின் எண் 21. 21ஆம் நூற்றாண்டின் நீர்மூழ்கி என்று திட்டத்துக்கு வைத்த பெயரே எண்ணாக ஒட்டிக்கொண்டது. வரிசையில் 21 எப்போதோ முடிந்துபோன எண். முதல் உலகப்போருக்கு முந்தைய எஃப்-2 என்ற சிறு நீர்மூழ்கியின் எண் அது. சீவுல்ஃபின் இளைய தங்கை ஜிம்மி கார்ட்டர் என்ற கப்பலுக்கு 23 வந்தது. பழைய 23 எஃப்-4. 1915 மார்ச்சில் ஹோனலூலு துறைமுகத்துக்கு வெளியே 21 பேரோடு மூழ்கி, யாரும் தப்பாத கப்பல். மூடநம்பிக்கையுள்ள மாலுமி ஒருவரிடம் இதைச் சொல்லியிருந்தால் ஏறியிருப்பாரா தெரியவில்லை.

ஜெர்மானியர்களின் யூ-9ல் எண் வெறும் எண்ணாக நிற்கவில்லை, பரம்பரையாயிற்று. 1914 செப்டம்பர் 22 காலையில் ஓட்டோ வெடிகன் தலைமையில் முதல் யூ-9, பிரிட்டனின் மூன்று குரூசர்களை ஒன்றரை மணி நேரத்துக்குள் மூழ்கடித்தது. 1,459 பேர் இறந்தார்கள். அதே நாள் இரவில்தான் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கடற்கரைக்கு வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. கெட்டிக்காரனையும் அடங்காதவனையும் எம்டன் என்று சொல்லும் வழக்கு அப்போது பிறந்தது. கெய்சர் இரும்புச் சிலுவைச் சின்னத்தைக் கப்பலுக்கே வழங்கியது அந்தப் போரில் இந்த இரண்டுக்கு மட்டும்தான். இரண்டாம் உலகப்போரில் வந்த இன்னொரு யூ-9 முற்றிலும் வேறு வகை. ஆயினும் முன்னவரின் நினைவாகத் தன் கோபுரத்தில் இரும்புச் சிலுவையைச் சுமந்தது. அதைப் பிரித்து, தரைவழியாகவும் டான்யூப் ஆற்று வழியாகவும் கருங்கடலுக்குக் கொண்டுபோனார்கள். 1944 ஆகஸ்டில் அங்கே சோவியத் விமானங்கள் அதை மூழ்கடித்தன. மூன்றாவது யூ-9 மேற்கு ஜெர்மனியின் கடற்படையில் இருந்து ஓய்வுபெற்று இப்போது ஷ்பையர் நகரத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மூன்றுக்கும் பொது எண் ஒன்றுதான், பொதுப் பாகம் ஒன்றுகூடக் கிடையாது.

இந்தியக் கடற்படையும் இதையே செய்தது. 1961ல் சேவைக்கு வந்த முதல் விக்ராந்தின் எண் ஆர்11; அது 1997ல் ஓய்வு பெற்றது. 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் சேர்க்கப்பட்ட புதிய விக்ராந்துக்கும் ஆர்11. பெயரோடு எண்ணையும் தூக்கிக்கொடுத்துவிட்டார்கள். ஆனால் 1988 முதல் 2013 வரை ஸ்பெயினின் பிரின்சிபே தெ அஸ்தூரியாஸ் என்ற விமானந்தாங்கிக்கும் அதே ஆர்11. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பழைய விக்ராந்தும் அதுவும் ஒரே சமயத்தில், ஒரே எழுத்தோடும் எண்ணோடும் இரண்டு கடற்படைகளில் சேவையில் இருந்தன.

வணிகக் கப்பல்களில் இதற்கு இடமில்லை. 1987ல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஏற்றுக்கொண்டு 1996 ஜனவரி முதல் கட்டாயமாக்கிய ஏழு இலக்க எண், கப்பல் பெயர் மாறினாலும் கொடி மாறினாலும் உரிமையாளர் மாறினாலும் உடைக்கப்படும் வரை அதன் உடலோடு இருக்கும். உடைந்த பின் வேறு கப்பலுக்குப் போகாது. தப்பாக எழுதிவிட்டால் கண்டுபிடிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். 9074729 என்ற எண்ணில் முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்: 63, 0, 35, 16, 21, 4. மொத்தம் 139. அதன் கடைசி இலக்கம் 9. எண்ணின் கடைசி இலக்கமும் 9. பொருந்தாவிட்டால் எங்கோ ஓர் இலக்கம் பிசகியிருக்கிறது என்று பொருள். இந்த எண் நீளத்தையும் எடையையும் பாயையும் பற்றி ஒன்றுமே சொல்லாது. அளவு என்று பாசாங்கு செய்யாததால்தான் அதனால் வேறெதோடும் முட்டாமல் இருக்க முடிகிறது. போர்க்கப்பல்களுக்கு இந்த விதி பொருந்தாது.